பல தளங்களுக்கு ஒரே நுழைவுச் சான்று

பயிர்த் தொழிலுக்கு வேண்டிய செய்திகள் இக்காலத்தில் பெரும்பாலும் வலைத்தளங்களின் வாயிலாகவே குடியானவர்களை அடைகின்றன. பட்டா, சிட்டா நகல்கள் வலைத்தளத்திலேயே கிடைக்கின்றன. தமிழ்நாட்டு அரசு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட உழவன் செயலியில் மானியம், சந்தை விலை, வானிலை முதலிய விவரங்கள் வருகின்றன. கோயம்புத்தூரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகம் சாகுபடிக் குறிப்புகளைத் தனது வேளாண் தளத்தில் வெளியிட்டு வருகிறது. இவற்றைப் படிப்போர் பலர். ஆனால் இவற்றை எழுதியவர் யார், எழுதுவதற்கு அவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வோர் சிலரே.

இது சிறிய விஷயமன்று. நெற்பயிரில் புகையான் கண்டபோது ஏக்கருக்கு இவ்வளவு மருந்து தெளிக்க வேண்டுமென்று ஓர் அறிவிப்பு வெளியாகிறதென்று வைத்துக்கொள்வோம். அவ்வளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் பயிர் கருகும். அல்லது பூச்சி சாகாமல் மருந்துச் செலவு மட்டும் நிற்கும். மானியத்துக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதியை ஒருவர் திருத்திவிட்டால் பலருடைய விண்ணப்பம் வீணாகும். ஆகையால் அரசாங்கப் பக்கங்களில் எழுதுவோருடைய அடையாளத்தை எவ்வாறு உறுதி செய்வது என்பது, நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் ஓரளவு அறிந்திருக்க வேண்டியதொன்றாகும். இதற்கென ஏற்பட்டுள்ள கூட்டுச் சான்று முறையையும், அதை ஒரு தளத்தில் அமைக்கும் விதத்தையும் இங்கே கூறுவோம்.

தளத்தை நடத்தும் கருவி

ஒரு வலைத்தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் கணினி நிபுணர் ஒருவரே எழுதுவதென்பது முற்காலத்து வழக்கம். இப்பொழுது உள்ளடக்க மேலாண்மை முறை என்னும் கருவி அவ்வேலையை எளிதாக்கியிருக்கிறது. பெல்ஜிய நாட்டு மாணவராயிருந்த ட்ரீஸ் பைட்டார்ட் என்பவர் 2001-ல் வெளியிட்ட ட்ரூபல், 2003-ல் தோன்றிய வேர்டுபிரஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நமது ஜில்லாக்களின் வலைத்தளங்களும், 1976-ல் அமைக்கப்பட்ட தேசிய தகவலியல் மையம் உண்டாக்கிய எஸ்-3-வாஸ் என்னும் சட்டகத்தின்மேல் நடைபெறுகின்றன. இத்தகைய கருவியில் ஒருவர் எழுதுவார், மற்றொருவர் திருத்துவார், வேறொருவர் ஒப்புதலளித்து வெளியிடுவார். கணினி நூல் கற்காதவரும் தமக்குரிய பகுதியைத் தாமே எழுதலாம்.

பலர் எழுதலாம் என்னும் இந்த அநுகூலமே பிரதிகூலத்துக்கும் இடமாகிறது. எழுத வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 38 ஜில்லாக்கள் உள்ளன. ஜில்லாவுக்கு 10 பேர் எழுதுவதாகக் கொண்டால் 380 பேர். ஒவ்வொருவரும் விலைப் பக்கம், பூச்சி எச்சரிக்கைப் பக்கம், மானியப் பக்கம், விதை இருப்புப் பக்கம் என நான்கு தளங்களில் வேலை செய்வதாயின் 1,520 கடவுச்சொற்கள் புழங்கும். இவ்வளவையும் நினைவில் வைப்பது அரிது. ஆகவே மேஜைக் கண்ணாடியின் கீழ்க் காகிதத்தில் எழுதி வைப்பதும், ஒரே சொல்லை நான்கிடத்திலும் வைப்பதும், அலுவலகம் முழுவதற்கும் ஒரே சொல்லைப் பொதுவாக வழங்குவதும் நேருகின்றன. பொதுச் சொல்லைக் கொண்டு ஒரு தவறான அறிவிப்பு வெளியானால், எழுதியவர் இன்னாரென்று எவராலும் காட்ட முடியாது.

இவற்றினும் பெரிய தீங்கு, மாற்றலாகிப் போனவருடைய பெயர் நீங்காதிருப்பதாகும். ஓர் உத்தியோகஸ்தர் வேறு ஜில்லாவுக்கு மாற்றப்பட்டாலும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும், நான்கு தளங்களிலும் தனித்தனியே அவர் பெயரை நீக்க வேண்டும். மூன்றில் நீக்கி ஒன்றில் மறந்துவிடுவது எளிது. ஆளில்லாத வீட்டுச் சாவியைப் போல அப்பெயர் பிறர் கைக்குப் போகக்கூடும்.

அடங்கல் ஓர் உதாரணம்

கூட்டுச் சான்று முறையின் தத்துவம் கிராமத்தாருக்குப் புதிதன்று. பயிர்க் கடன் கோரும் குடியானவர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்லும்போது, தம் நிலத்தில் இன்ன பயிர் உள்ளதென்று அடங்கல் வாங்கிச் செல்லுகிறார். கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-ல் எடுபட்ட பின்னர், இச்சான்றைக் கிராம நிர்வாக அலுவலர் வழங்கி வருகிறார். சங்கத்தின் செயலாளர் தாமே சங்கிலி பிடித்து நிலத்தை அளப்பதில்லை. அலுவலருடைய கையொப்பத்தையும் முத்திரையையும் பார்த்து அடங்கலை ஒப்புக்கொள்கிறார். போன பசலிக்குரிய அடங்கலைக் கொடுத்தால் அவர் ஏற்பதில்லை. சான்று மெய்யென்று கண்டபிறகும், கடன் கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்பதைச் சங்கமே தன் விதிகளின்படி தீர்மானிக்கிறது.

இதில் நான்கு விஷயங்கள் அடங்கியுள்ளன. சான்று தருபவர் ஒருவர். சான்றை ஏற்பவர் வேறொருவர். கையொப்பத்தினால் சான்று மெய்யென்று விளங்குகிறது. சான்றுக்குக் காலவரை உண்டு. சான்று ஓரிடத்திலிருந்து வந்தாலும் அதிகாரம் ஏற்பவரிடத்திலேயே நிற்கிறது. கூட்டுச் சான்று முறையும் இந்த நான்கின்மேல் அமைந்ததே. அடையாளத்தை உறுதி செய்யும் நிலையத்தைச் சான்றகம் என்றும், உத்தியோகஸ்தர் நுழைய விரும்பும் வலைத்தளத்தைத் தளம் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

நடைபெறும் விதம்

ஓர் உத்தியோகஸ்தர் தளத்தின் வாயிலுக்கு வருகிறார். தளம் அவரிடம் கடவுச்சொல் கேளாமல் அவரைச் சான்றகத்துக்கு அனுப்புகிறது. அங்கே அவர் தமது கடவுச்சொல்லையும், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் கொடுக்கிறார். சான்றகம் அவரை இன்னாரென்று கண்டு, ஒரு சான்றோலையை எழுதிக் கையொப்பமிட்டு, அவருடைய கணினியின் வழியாகவே தளத்துக்கு அனுப்பிவைக்கிறது. தளம் கையொப்பத்தைச் சோதித்து உள்ளே விடுகிறது. பிறகு அவர் இரண்டாவது தளத்துக்குப் போனால், சான்றகம் அவரை முன்னமே அறிந்திருப்பதால் மறுபடியும் கடவுச்சொல் கேட்பதில்லை. அவருடைய கடவுச்சொல்லை எந்தத் தளமும் ஒருபோதும் காண்பதில்லை என்பது கவனிக்கத் தக்கது. காணாத சொல்லைத் தளத்திலிருந்து திருடவும் முடியாது.

சான்றோலையை எழுதும் முறைகளில் இரண்டு முக்கியமானவை. 2005 மார்ச்சு மாதத்தில் நிலைபெற்ற எஸ்.ஏ.எம்.எல். 2.0 என்பது ஒன்று. 2014 பிப்ரவரியில் வெளிவந்த ஓப்பன்-ஐடி கனெக்ட் மற்றொன்று. முன்னது கல்வி ஸ்தாபனங்களிலும் பெரிய அலுவலகங்களிலும் மிகுதி. பின்னது கைபேசிச் செயலிகளுக்கு இசைவானது. அமெரிக்கச் சர்வகலாசாலைகள் சேர்ந்து உண்டாக்கிய ஷிபலெத் என்னும் மென்பொருளைக் கொண்டு, மாணவர் தம் கல்லூரிச் சான்றினாலேயே பிற நூலகங்களின் பத்திரிகைகளைப் படிக்கும் வழக்கம் ஏற்பட்டது. நம் நாட்டில் காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் நிலையம், இன்ஃபெட் என்னும் பெயரால் இத்தகைய கூட்டமைப்பை நடத்துகிறது.

அரசாங்க ஊழியர்களுக்காகத் தேசிய தகவலியல் மையம் பரிச்சய் என்னும் ஒற்றை நுழைவு முறையை நடத்துகிறது. பொது ஜனங்களுக்கென மேரி பெஹ்சான் என்னும் முறை 2022 ஜூலை 4-ஆம் தேதி காந்திநகரில் தொடங்கப்பட்டது. இதில் டிஜிலாக்கர், ஈ-பிரமாண், ஜன் பரிச்சய் ஆகிய மூன்று சான்றகங்கள் சேர்ந்துள்ளன. இவற்றுள் ஏதேனும் ஒன்றில் பெயர் பதிந்தவர், இம்முறையில் இணைந்த எந்தத் தளத்திலும் அதே சான்றினால் நுழையலாம்.

அமைக்கும் ஏற்பாடுகள்

நமது மாநிலத்தில் இவ்வித வேலைகளுக்குச் சென்னை நந்தனம் ஒரு முக்கிய இடமாயிருக்கிறது. 1977-ல் தோன்றிய தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட்டின் தலைமை அலுவலகம் நந்தனத்தில் அண்ணா சாலையின்மேல் உள்ளது. அரசு அலுவலகங்களைத் தாலுகா வரையில் இணைக்கும் வலையமைப்பும், பெருங்குடியிலுள்ள மாநிலத் தரவு மையமும் இந்நிறுவனத்தின் பொறுப்பில் நடந்து வருகின்றன. நந்தனத்திலிருந்து ஓர் இலாகாவின் தளத்தை நடத்துவோரும், கடைக்கோடித் தாலுகாவிலிருந்து அதில் எழுதுவோரும் ஒருவரையொருவர் முகமறியார். முகமறியாதவரிடையே நம்பிக்கையை நிலைநாட்டுவதற்கே கீழ்க்கண்ட ஏற்பாடுகள் வேண்டியிருக்கின்றன.

முதலாவது, அறிமுகம். தளமும் சான்றகமும் தத்தம் முகவரி, பெயர், கையொப்பத்தைச் சோதிக்க உதவும் பொதுத் திறவுகோல் ஆகியவை அடங்கிய அறிமுகக் கோப்பை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ள வேண்டும். கையொப்பமிடும் இரகசியத் திறவுகோல் சான்றகத்தை விட்டு வெளியே வரலாகாது. சான்றோலையைப் பெற்றுக்கொள்ளும் முகவரியில் ஓரெழுத்து மாறினாலும் முறை நடவாது. அது அவ்வாறே இருத்தல் நலம். ஓலை பிறர் வாயிலில் போய் விழாமல் அதுவே காக்கிறது.

இரண்டாவது, கருவியைப் பொருத்துதல். ட்ரூபல், வேர்டுபிரஸ் இரண்டிலும் இதற்கான இணைப்பு நிரல்கள் உள்ளன. இவற்றைத் தாமே புதிதாக எழுத முயலுதல் கூடாது. 2012-ல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் எஸ்.ஏ.எம்.எல். நிரல்கள் 14-ஐச் சோதித்தபோது, அவற்றுள் 11-ல் கையொப்பத்தைக் கெடாமல் வைத்துக்கொண்டே ஓலையின் வாசகத்தை மாற்ற வழியிருப்பதைக் கண்டார்கள். நிபுணர் எழுதியவையே இவ்வாறாயின், அவசரத்தில் எழுதியவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. நன்கு பழகிய நிரலைப் பெற்று, அதில் வெளியாகும் திருத்தங்களை உடனுக்குடன் சேர்த்து வருவதே தக்கது.

மூன்றாவது, சான்றோலையைச் சோதித்தல். கையொப்பம் சரியா, ஓலை இத்தளத்துக்கென எழுதப்பட்டதா, தளம் கேட்ட கேள்விக்கே விடையாக வந்ததா, காலவரை கடந்ததா, முன்னொரு முறை காட்டிய ஓலையே மறுபடியும் வருகிறதா என்னும் ஐந்தையும் பார்க்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் உள்ளே விடலாகாது.

நான்காவது, கடிகாரம். சான்றோலையின் ஆயுள் சில நிமிஷங்களே. அதில் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது. நமது நேரம் அதற்கு 5 மணி 30 நிமிஷம் முந்தியது. இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் பொருந்தாவிடில், நல்ல ஓலையும் காலங் கடந்ததாகத் தள்ளப்படும். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் சர்ட்-இன் என்னும் மத்திய அமைப்பு, 2022 ஏப்ரலில் இட்ட கட்டளையில், தேசிய தகவலியல் மையத்தின் அல்லது தேசிய பௌதிக ஆராய்ச்சி நிலையத்தின் நேரத்தோடு கடிகாரங்களை ஒத்து வைக்கும்படி கூறியிருக்கிறது. நடவடிக்கைப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டுமென்பதும் அதே கட்டளையில் உள்ளது.

ஐந்தாவது, ஆளைக் குறிக்கும் எண். ஒருவரைக் கைபேசி எண்ணாலோ மின்னஞ்சலாலோ குறிப்பது சரியன்று. பயன்படாது விட்ட கைபேசி எண் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படுகிறது. பதவிக்குரிய மின்னஞ்சல் அடுத்த உத்தியோகஸ்தருக்குப் போகிறது. என்றும் மாறாததும் மற்றொருவருக்கு வழங்கப்படாததுமான ஊழியர் எண்ணே இதற்கு உரியது. தளத்தில் ஏற்கெனவே உள்ள பழைய பெயரோடு புதுச் சான்றை இணைக்கும்போது, மின்னஞ்சல் ஒன்றுபோலிருப்பதை மாத்திரம் நம்பி இணைத்துவிடாமல் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

ஆறாவது, அதிகாரப் பங்கீடு. இதுவே எல்லாவற்றினும் முக்கியமானது. சான்றகம் கூறுவது இவர் இன்னார் என்பதை மட்டுமே. இவர் எதைச் செய்யலாம் என்பதைத் தளமே தீர்மானிக்க வேண்டும். புதிதாக நுழைபவருக்கு முதலில் மிகக் குறைந்த அதிகாரமே தர வேண்டும். எழுதுதல் ஒருவர் கையிலும் வெளியிடுதல் மற்றொருவர் கையிலும் இருத்தல் நலம். பூச்சி மருந்தின் அளவைக் கூறும் பக்கம் நிபுணர் ஒருவருடைய ஒப்புதலின்றி வெளிவராதபடி கருவியிலேயே ஏற்பாடு செய்யலாம். சான்று மெய்யாயிருந்தால் எழுதியதும் மெய்யென்று கொள்ளுதல், அடங்கல் மெய்யென்பதற்காகக் கேட்ட தொகை முழுவதையும் கொடுத்துவிடுவதற்கு ஒப்பாகும்.

ஏழாவது, வெள்ளோட்டம். ஒரே நாளில் எல்லாத் தளங்களையும் மாற்றாமல், முதலில் ஒரு தளத்தையும் சில உத்தியோகஸ்தர்களையும் கொண்டு நடத்திப் பார்க்க வேண்டும். நுழைவதைச் சோதிப்பது போலவே, நுழையக் கூடாதவர் தடுக்கப்படுகிறாரா என்பதையும் சோதிக்க வேண்டும். ஒருவர் பெயரைச் சான்றகத்தில் நீக்கியபின் அவரால் தளத்துள் போக முடிகிறதா என்று பார்த்தல் இன்றியமையாதது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர், சான்றகத்தில் பெயர் நீங்கியும், தளம் தந்த நேரம் முடியும்வரை உள்ளேயே இருக்கக்கூடும். ஆகையால் அந்நேரத்தைக் குறுகியதாக வைக்க வேண்டும்.

முறையின் குறைகள்

வாயில் ஒன்றானதால் காவலும் அதற்குத் தக்கபடி பெருக வேண்டும். 2020 டிசம்பரில், அமெரிக்க அரசு அலுவலகங்கள் சிலவற்றின் கணினிகளில் அந்நியர் புகுந்திருந்தது வெளியாயிற்று. கையொப்பமிடும் இரகசியத் திறவுகோலைக் கவர்ந்து, அதைக் கொண்டு தாமே சான்றோலைகளை எழுதிக்கொள்வது அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்றாகும். கையொப்பம் உண்மையானதாகவே இருந்தபடியால் ஏற்பவரால் வேற்றுமை காண முடியவில்லை. கிராம அலுவலரின் முத்திரை திருடு போனால் எவ்வளவு தீங்கோ அவ்வளவு தீங்கு இது.

வாயில் அடைபட்டுப் போவதும் உண்டு. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி பேஸ்புக் ஸ்தாபனத்தின் கணினிகள் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகுக்கு எட்டாமற் போயின. அந்த ஸ்தாபனத்தின் சான்றைக் கொண்டு வேறு தளங்களில் நுழைந்து வந்தவர்கள், அத்தளங்கள் நன்றாயிருந்தும் வெளியே நின்றார்கள். புயல் எச்சரிக்கை வெளியிட வேண்டிய இரவில் இவ்வாறு நேரிட்டால் என் செய்வது? இதற்காகச் சான்றகத்தைச் சாராத உள்ளூர்ப் பெயர் ஒன்றைத் தளத்தில் வைத்திருக்க வேண்டும். அதன் கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்துப் பொறுப்பான இருவர் காவலில் வைப்பதும், அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் குறிப்பதும் அவசியம்.

பொதுத் திறவுகோலுக்கும் காலவரை உண்டு. அது முடியும் தேதியை மறந்துவிட்டால், ஒரு காலையில் எவரும் நுழைய முடியாத நிலை ஏற்படும். அத்தேதியை இரண்டு மாதம் முன்னதாகவே நாட்குறிப்பில் குறித்து, புதியதைப் பழையதோடு சேர்த்து அறிமுகக் கோப்பில் வைத்து, மாற்றம் முடிந்தபின் பழையதை நீக்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தரும் குடியானவரும் கவனிக்க வேண்டியவை

உத்தியோகஸ்தர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிப் பெயர் பெற்றிருக்க வேண்டும். வேலை மிகுதியால் உதவியாளரிடம் கடவுச்சொல்லைச் சொல்லுதல், வெற்றுக் காகிதத்தில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். பழைய முறையில் ஒரு தளத்தின் சொல் போனால் அத்தளத்துக்கே கேடு. இம்முறையில் ஒரு சொல் போனால் எல்லாத் தளங்களுக்கும் கேடு. உதவியாளருக்கு வேலையிருந்தால் அவர் பெயரில் தனிச் சான்றும், அவ்வேலைக்கு வேண்டிய அளவு அதிகாரமும் கேட்டுப் பெறலாம். மாற்றல் உத்தரவு வந்த அன்றே சான்றகத்துக்கு அறிவிப்பது அலுவலகத் தலைவரின் கடமை. பொதுக் கணினியில் வேலை செய்தவர், தளத்திலிருந்து மட்டுமன்றிச் சான்றகத்திலிருந்தும் வெளியேற வேண்டும். தளத்தில் மாத்திரம் வெளியேறினால், அடுத்து அமர்பவர் பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் மறுபடியும் உள்ளே போய்விடலாம்.

நிலமுடையோரும் பொதுச் சான்றகங்களின் வழியாகப் பல தளங்களில் நுழைகின்றனர். அவர்கள் மூன்று விஷயங்களை மனத்திற் கொள்ள வேண்டும். கடவுச்சொல்லையும் ஓ.டி.பி. எண்ணையும் சான்றகத்தின் பக்கத்தில் மட்டுமே இட வேண்டும். அதன் முகவரி திரையின் மேற்புறத்தில் தெரியும். தொலைபேசியில் கேட்பவர் எவராயினும், அரசாங்கத்தார் என்று சொல்லிக்கொண்டாலும், அவ்வெண்ணைக் கூறலாகாது. சான்றகம் உங்களைப் பற்றிய எந்த விவரங்களைத் தளத்துக்குத் தரப் போகிறதென்று திரையில் காட்டி ஒப்புதல் கேட்குமிடத்தில், படித்துப் பார்த்த பின்னரே ஒப்ப வேண்டும். நெல் விலை தெரிந்துகொள்ள விரும்புபவரிடம் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் கேட்பது அவசியமற்றது. தேவைக்கு மேற்பட்ட விவரம் கேட்கலாகாதென்பது, 2023-ல் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. பிறர் உதவியால் இணையச் சேவை மையங்களில் நுழைவோர், வேலை முடிந்ததும் தம் எதிரிலேயே வெளியேறும்படி நடத்துநரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இம்முறை கையொப்பத்தை உறுதி செய்யுமேயன்றி, எழுதியவரின் அறிவை உறுதி செய்வதில்லை. ஆகவே மருந்தளவோ கடைசித் தேதியோ வழக்கத்துக்கு மாறாகத் தோன்றினால், எந்தத் தளத்தில் கண்டதாயினும், அதன்படி நடப்பதற்கு முன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒருமுறை கேட்டுத் தெளிதல் நன்று. தளத்தை நடத்துவோர் ஒவ்வொரு அறிவிப்பின் அடியிலும் எழுதியவரின் பதவி, ஒப்புதலளித்தவரின் பதவி, வெளியான தேதி ஆகிய மூன்றையும் காட்டிவந்தால், இவ்வாறு கேட்டறிவது குடியானவருக்கு எளிதாகும்.